வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கிய பெண்: பெண்கள் கோல்ஃப் பற்றிக் கேள்வி பதில்

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. தென்கொரியாவின் டேஜான் நகரத்தில் மூன்று வருடம் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். கோல்ஃப் மட்டையை முதன்முதலில் கையில் பிடித்தது அங்கேதான், முப்பத்திரண்டு வயதில். அன்றிலிருந்து பெண்கள் தொழில்முறை கோல்ஃபை விடாமல் பார்த்து வருகிறேன். பெண்கள் கோல்ஃபைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

அக்கா, கோல்ஃப் என்றாலே கிளப், பெரிய கார், தொப்பி போட்ட பெரிய மனிதர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அதில் பெண்கள் ஜெயித்தால் சாதாரண வீட்டுப் பெண்ணுக்கு என்ன வந்தது? (கல்லூரி மாணவி, மதுரை)

கொரியாவிலும் 1998 வரைக்கும் ஊரே இப்படித்தான் நினைத்தது. நான் தங்கியிருந்த தெருவில் ஒரு அம்மா கிம்பாப் (கடல்பாசித் தாளில் சோற்றை வைத்து உருட்டும் பண்டம்) கடை வைத்திருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். அங்கே ஸ்க்ரீன் கோல்ஃப். சின்ன அறை, எதிரே சுவர் முழுக்க வெள்ளைத் திரை, அதில் புல்வெளி தெரியும். காலடியில் ரப்பர் விரிப்பிலிருந்து பந்து தானாக மேலே எழும்பி நிற்கும். அடித்தால் திரையில் படார் என்று மோதி, படத்துக்குள்ளே பறந்து போகும். நாள் முழுக்கச் சோறு உருட்டிய கை, மட்டையை அத்தனை லாவகமாகச் சுழற்றும். எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "சே ரி தண்ணீரில் இறங்கினாளே, அதைப் பார்த்த பிறகு" என்றார். கொரிய வீராங்கனை சே ரி பாக்கைத்தான் சொன்னார். உங்கள் கேள்விக்குப் பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது. மீதியை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

அந்தத் தண்ணீர்க் கதையை முழுசாகச் சொல்லுங்கள். (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

1998 ஜூலை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், கோலர் என்ற ஊரில் பிளாக்வுல்ஃப் ரன் மைதானம். பெண்களுக்கான யு.எஸ். ஓப்பன் நடக்கிறது. சே ரி பாக் அப்போதுதான் எல்பிஜிஏ என்ற அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைச் சுற்றுக்கு வந்த புதுமுகம், வயது 20. நான்கு நாள் ஆட்டம் முடிந்தபோது அவரும் ஜென்னி சுவாசிரிபோர்ன் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவியும் சமமாக நின்றார்கள். ஜென்னி அமெச்சூர், அதாவது பணத்துக்கு ஆடாதவர், தாய்லாந்துப் பூர்வீகம். மறுநாள் திங்கட்கிழமை 18 குழிகளுக்குத் தனி ஆட்டம் வைத்தார்கள்.

அந்தப் பதினெட்டாவது குழியில் சே ரி அடித்த பந்து இடப்பக்கம் வளைந்து, குளக்கரைச் சரிவில் நீண்ட புல்லுக்குள் போய் மாட்டியது. நின்று அடிக்க இடமில்லை. ஒரு அபராத ஸ்ட்ரோக்கை (கணக்கில் ஒரு அடி கூடும்) ஏற்றுக்கொண்டு வேறு இடத்திலிருந்து அடித்திருக்கலாம். அவர் கொஞ்ச நேரம் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார், தண்ணீருக்குள் இறங்கினார். வெயிலில் கறுத்த கால்கள், சாக்ஸ் மூடியிருந்த பாதம் மட்டும் வெள்ளை வெளேர். எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றால் அப்படி ஒரு கோடு விழும் என்று கொரியாவில் இன்னமும் பேசுவார்கள். பந்து வெளியே வந்தது. அந்தக் குழியில் இருவருமே போகி, அதாவது குழிக்கென்று வைத்த அடிக்கணக்கைவிட ஒன்று அதிகம். மறுபடி சமம். அதற்குப் பிறகு சடன் டெத், ஒரு குழியில் யார் முந்துகிறாரோ அவருக்கே பட்டம். அதன் இரண்டாவது குழியில் பர்டி, அதாவது கணக்கைவிட ஒரு அடி குறைவாக அடித்து சே ரி ஜெயித்தார். எல்லாம் சேர்த்து 92 குழிகள்.

அப்போது கொரியா என்ன நிலையில் இருந்தது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 1997 டிசம்பரில் நாடே கிட்டத்தட்டத் திவாலாகி ஐஎம்எஃப் என்ற சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வாங்கியிருந்தது. நாட்டின் கடனை அடைக்க ஜனங்கள் கல்யாண மோதிரத்தையும் குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் கொண்டு வந்து கொடுத்தார்கள். 200 டன்னுக்கு மேல் தங்கம் சேர்ந்தது. வீட்டுக்கு ஒருவர் வேலை இழந்த காலம் என்பார் கிம்பாப் கடை அம்மா. அவர் கணவரும் அதில் ஒருவர். அமெரிக்காவில் பகல் என்றால் கொரியாவில் ராத்திரி. தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தவர்கள் விடியும் வரை அதைப் பார்த்தார்கள்.

ஜென்னியையும் மறந்துவிடக் கூடாது. பிற்பாடு கோல்ஃபை விட்டு விலகி நர்ஸ் ஆனார். அவருடைய வாழ்க்கைமீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஒரே ஒரு வெற்றியில் ஒரு தலைமுறையே உருவாகிவிடுமா? கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ? (வங்கி ஊழியர், திருச்சி)

வெற்றி மட்டும் போதாது, சரிதான். ஆனால் முதல் பொறி அதுதான். அந்த ராத்திரி வீட்டில் சத்தம் கேட்டு எழுந்து வந்து டிவி பார்த்த ஒரு சின்னப் பெண், அடுத்த சில நாளிலேயே மட்டையைப் பிடித்தாள். அவள்தான் இன்பீ பார்க். ஏழு மேஜர் பட்டம் (வருடத்தின் மிகப் பெரிய போட்டிகளை மேஜர் என்பார்கள்), 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம். ரியோவில் கொரியப் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் யார் தெரியுமா? சே ரியேதான்.

2008 முதல் 2020 வரை நடந்த 13 யு.எஸ். ஓப்பன்களில் ஒன்பதைக் கொரியப் பெண்கள் ஜெயித்தார்கள். 2012இல் போட்டி மறுபடி அதே பிளாக்வுல்ஃப் ரன்னுக்கு வந்தது. ஜெயித்தவர் சோய் நா-யோன். 1998இல் பள்ளிச் சிறுமியாக டிவியில் பார்த்த அதே மைதானம். இவர்களையெல்லாம் 'சே ரி குழந்தைகள்' என்றே அங்கே அழைக்கிறார்கள்.

பொறி பற்றிக்கொள்ள விறகு வேண்டுமே. கேஎல்பிஜிஏ என்ற உள்நாட்டுச் சுற்று 1978இலேயே இருந்தது. ஒரு பெண் வெளிநாடு போகாமலே ஆடிச் சம்பாதிக்க வழி இருந்தது. 1998க்குப் பிறகு கம்பெனிகள் தொப்பியில் பெயர் போடப் போட்டி போட்டன. ஊருக்குள்ளேயே வலை கட்டிய, மாடி வைத்த பயிற்சித் தளங்கள் இருந்தன. 2000க்குப் பிறகு ஸ்க்ரீன் கோல்ஃப் வந்து, மைதானத்துக்குப் போக வசதியில்லாதவர்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டது.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு ஒரே ஒரு பெயர் போதும்: லீ ஜோங்-உன் 6. கேஎல்பிஜிஏவில் அவருக்கு முன்பே அதே பெயரில் ஐந்து பேர் இருந்ததால் ஆறு என்ற எண். அதைப் பெயரோடு சேர்த்தே வைத்துக்கொண்டார். விபத்தில் கால் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருக்கும் லாரி டிரைவரின் மகள். 2019இல் யு.எஸ். ஓப்பனை ஜெயித்தார். பெண்கள் பிரிவில் அந்தப் போட்டியின் முதல் பரிசு 10 லட்சம் டாலரைத் தொட்டது அந்த வருடம்தான். "சாதாரண வீட்டுப் பெண்ணுக்கு என்ன வந்தது" என்று கேட்ட மதுரைத் தங்கைக்கும் இதுவே என் பதில்.

பரிசுப் பணம் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா மேடம்? (ஆடிட்டர், சென்னை)

ஏறியிருக்கிறது. 1998இல் சே ரி வாங்கியது 2,67,500 டாலர். அதே பட்டத்துக்கு 2024இல் யூகா சாசோ வாங்கியது 24 லட்சம் டாலர். ஆனால் அதே வருடம் பெண்கள் யு.எஸ். ஓப்பனின் மொத்தப் பரிசு 1.2 கோடி டாலர், ஆண்களுக்கு 2.15 கோடி. வித்தியாசம் இன்னும் பெரிதுதான்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, பட்டியலின் அடியில் இருப்பவர்களைப் பற்றி. மட்டைப் பையைச் சுமந்து கூடவே வரும் கேடிக்குச் சம்பளம், விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் ஆடுபவரே கொடுக்க வேண்டும். இரண்டு நாள் ஆடிவிட்டு கட் ஆனால், அதாவது பின்தங்கி வெளியேற்றப்பட்டால், பல போட்டிகளில் கையில் ஒன்றும் வராது. ஸ்பான்சர் இல்லாத ஒரு பெண் வருடம் முழுக்க ஆடி நஷ்டத்தோடு வீடு திரும்புவது சாதாரணமாக நடக்கிறது.

எல்பிஜிஏவை யார் தொடங்கினார்கள்? ஆண்கள் சங்கம் போட்ட கிளையா?

இல்லவே இல்லை. 1950இல் பதின்மூன்று பெண்கள் சேர்ந்து தொடங்கியது. பேப் ஜகாரியஸ், பேட்டி பெர்க், லூயிஸ் சக்ஸ் போன்றவர்கள். மைதானத்தில் குழி எங்கே வைப்பது என்பதிலிருந்து செக் எழுதுவதுவரை எல்லா வேலையையும் அவர்களே பார்த்தார்கள். காரில் சாமானை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள், நம் ஊர் நாடகக் குழுக்கள் போன மாதிரி. 1964இல் டென்னிஸ் சாம்பியன் ஆல்தியா கிப்சன் இதில் சேர்ந்தார். இந்தச் சுற்றின் முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

பழைய கிளப்களின் கதவு திறக்க இன்னும் எவ்வளவோ காலம் ஆனது. செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் பெண்களை உறுப்பினராக்க ஒப்புக்கொண்டது 2014இல். ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்ட் கிளப் 2016இல் மறுத்தது. இனி பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி அங்கே நடக்காது என்று ஆனதும் 2017இல் ஒப்புக்கொண்டது. 2022இல் பெண்கள் ஓப்பனே அங்கே நடந்தது.

கொரியப் பெண்கள் இத்தனை ஜெயித்ததில் அமெரிக்காவில் எரிச்சல் வரவில்லையா? (ஐடி ஊழியர், கோவை)

வந்தது. 2008 ஆகஸ்டில் எல்பிஜிஏ நிர்வாகம் ஒரு விதி கொண்டுவரப் பார்த்தது: சுற்றில் இரண்டு வருடம் ஆனவர்களுக்கு ஆங்கிலத்தில் வாய்மொழித் தேர்வு, தேறாவிட்டால் இடைநீக்கம். அப்போது சுற்றில் 121 வெளிநாட்டு வீராங்கனைகள் இருந்தார்கள், அதில் 45 பேர் கொரியர்கள். யாரைக் குறி வைத்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ஸ்பான்சர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், பத்திரிகைகள் என்று எல்லாப் பக்கமும் எதிர்ப்பு வந்து, இரண்டு வாரத்துக்குள் கைவிட்டார்கள்.

மொழியை வைத்துப் பிழைப்பவள் நான். புதிய மொழி கற்றுக்கொள்வது எவ்வளவு நல்லது என்று எனக்குத் தெரியும். ஆனால் பந்தை ஒழுங்காக அடிப்பவளை வாய்ப்பேச்சு வரவில்லை என்று வெளியே அனுப்புவது அநியாயம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போய், ஆங்கில நேர்முகத் தேர்வில் வாயடைத்து உட்கார்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த வலி தெரியும்.

குழந்தை பெற்ற பிறகும் ஆடுகிறார்களா அக்கா?

ஆடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் கட்ரியோனா மேத்யூ இரண்டாவது குழந்தை பிறந்த பதினோராவது வாரத்தில் 2009 பிரிட்டிஷ் ஓப்பனையே ஜெயித்தார். எல்பிஜிஏ 1993 முதல் போட்டி நடக்கும் ஊர்களுக்கே குழந்தைகள் காப்பகத்தைக் கொண்டுபோகிறது. இதை நம் ஊர் விளையாட்டுச் சங்கங்கள் கட்டாயம் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. நன்றாக ஆடுகிறாள். பள்ளியிலிருந்து நிறுத்தி முழுநேரம் கோல்ஃப் என்று விடலாமா? கொரியாவில் அப்படித்தானே செய்கிறார்கள்? (ஒரு அப்பா, சேலம்)

வேண்டாம் ஐயா. தயவுசெய்து வேண்டாம்.

கொரியாவின் வெற்றிக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. வீட்டை விற்று, வேலையை விட்டு, மகளின் பின்னாலேயே அலையும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பயிற்சித் தளத்தில் பத்து வயசு இருக்கும், ஒரு பெண் கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையில் மூன்று இடத்தில் பிளாஸ்டர். அப்பா அடுத்த கூடைப் பந்தைக் கொண்டுவந்து வைத்தார். அவள் ஒன்றும் பேசாமல் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

சே ரியே 2004, 2005இல் அப்படியே சரிந்தார். ஓய்வெடுக்கத் தெரியாமல் வளர்ந்ததுதான் காரணம் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். காயத்தோடு விலகி நின்று, திரும்பி வந்து, 2006இல் மறுபடி மேஜர் ஜெயித்தார். அந்த இடைவெளிதான் அவரைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். உங்கள் மகள் பள்ளிக்குப் போகட்டும், தோழிகளோடு விளையாடட்டும், வாரத்தில் ஒரு நாளாவது மட்டையைத் தொடாமல் இருக்கட்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் கோல்ஃப் ஆடிய அதிதி அசோக்குக்காக நானும் விடிகாலையில் எழுந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு இந்தியாவில் ஏன் ஒரு அலை வரவில்லை? (பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்)

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. உலகத் தரவரிசையில் 200ஆவது இடத்தில் இருந்தவர், கேடியாகத் தன் அம்மாவையே வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவது வந்தார். கோல்ஃப் விதி ஒன்றுகூடத் தெரியாத என் சித்தி, "அந்தப் பொண்ணு இன்னும் ஆடுதா?" என்று போன் செய்துகொண்டே இருந்தார். சாயங்காலம் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கினார், நாடு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அதில் தப்பில்லை.

ஆனால் அலை வராததற்கு நீரஜ் காரணமில்லை. அதிதி எப்படித் தொடங்கினார் என்று பாருங்கள். பெங்களூரில் குடும்பத்தோடு சாப்பிடப் போன உணவகத்திலிருந்து கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பயிற்சித் தளம் கண்ணில் பட்டது. என்ன இது என்று எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவுதான் தொடக்கம். அவர் வீட்டில் அதற்கு முன் யாரும் ஆடியதில்லை. கண்ணில் படுகிற தூரத்தில் ஒரு இடம் இருந்தது, உள்ளே போக முடிந்தது. நம் ஊரில் பெரும்பாலான மைதானங்கள் கிளப்புக்குள்ளோ ராணுவ வளாகத்துக்குள்ளோ இருக்கின்றன. சாலையில் போகிற பெண் பிள்ளைக்கு மதில்தான் தெரியும். டிவியில் பார்த்து ஆசைப்பட்டவள் மறுநாள் காலை எங்கே போவாள்? கொரியாவில் அதற்குப் பதில் இருந்தது. இங்கே இல்லை.

இருந்தும் வருகிறார்கள். ஹரியானாவின் தீக்ஷா டாகர் பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர், இடக்கை ஆட்டக்காரர். 2019இல் தென்னாப்பிரிக்க ஓப்பனை ஜெயித்தார், 2023இல் செக் ஓப்பன். காது கேளாதோர் ஒலிம்பிக்கில் தங்கமும் வாங்கியிருக்கிறார். அவர் பெயர் நம் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

கடைசிக் கேள்வி: வயது நாற்பத்தொன்று. ஆசையாக இருக்கிறது. மட்டை செட் வாங்க வேண்டுமா? (இல்லத்தரசி, வேலூர்)

ஒன்றும் வாங்காதீர்கள். சென்னையிலோ பெங்களூரிலோ வெளியாரை அனுமதிக்கும் டிரைவிங் ரேஞ்ச் (பந்து அடித்துப் பழகும் தளம்) ஒன்றைப் போனில் விசாரித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் மட்டை வாடகைக்குக் கிடைக்கும். செவன் அயர்ன் என்ற மட்டை ஒன்றும் ஒரு கூடைப் பந்தும் போதும். சாதாரண கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளலாம். முதல் இருபது பந்து உருண்டு ஓடும், சிலது அசையவே அசையாது. கவலைப்படாதீர்கள். நடுவில் எப்போதாவது ஒன்று சுத்தமாகப் பட்டு மேலே எழும்பும். கையில் அதிர்வே இருக்காது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.