கோழியைத் தூக்கியது நரிதானா? – கேள்வி பதில்

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் நரித் தொல்லை பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

வாழப்பாடியிலிருந்து: அண்ணா, ஒரே ராத்திரியில் அஞ்சு கோழியைக் காணோம். வேலி ஓரமா இறகு மட்டும் கொத்துக் கொத்தாக் கிடக்குது. வங்காநரி வேலையா?

வங்காநரி மேல் உடனே பழி போடாதீங்க தம்பி. அது சின்ன நரி இனம், 2 முதல் 4 கிலோ எடைதான் இருக்கும். எலி, வெட்டுக்கிளி, கரையான், நண்டு, இலந்தைப்பழம் என்று கிடைத்ததைத் தின்று வாழும் பிராணி. வழிதப்பின கோழியையோ குஞ்சையோ பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ராத்திரியில் அஞ்சு பெரிய கோழி என்றால், ஊளையிடுகிற பெரிய நரிகள் ஜோடியாக வந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யார் வந்தது என்று தெரிந்தால்தான் எந்த வழியை அடைப்பது என்று தெரியும். இறகு மட்டும் கிடந்து கோழியே இல்லை என்றால் நரி அல்லது காட்டுப்பூனை. தலையும் கழுத்தும் கடிபட்டு உடல் அங்கேயே கிடந்தால் கீரி அல்லது மரநாய். நாலைந்து கோழியைக் குதறிவிட்டுத் தின்னாமல் போயிருந்தால் பெரும்பாலும் நாய். தெருநாய் என்றில்லை, பக்கத்து வீட்டு நாயாகவும் இருக்கும். பட்டப்பகலில் குஞ்சு மட்டும் குறைந்தால் வானத்தைப் பாருங்கள், பருந்தோ வல்லூறோ சுற்றும்.

சந்தேகம் தீர, இன்றைக்குச் சாயங்காலம் கூட்டைச் சுற்றி மண்ணைச் சலித்துப் பரப்பிவிடுங்கள். காலையில் தடம் விழுந்திருக்கும். வட்டமாக, நகக்குறி இல்லாமல் இருந்தால் பூனை இனம். நீள்வட்டமாக நகக்குறியோடு இருந்தால் நரி அல்லது நாய்.

தாராபுரத்திலிருந்து: சுத்தி கோழிவலை அடிச்சிருக்கேன். அப்படியும் அடியில் பறிச்சு உள்ளே வந்திருக்கு. இன்னும் உயரமா அடிக்கணுமா?

உயரம் பிறகு. முதலில் வலையை மாற்றுங்கள். அறுகோணக் கண்ணுள்ள அந்த மெல்லிய வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். நரி உள்ளே வருவதைத் தடுக்காது, பல்லால் இழுத்தாலே பிரிந்துவிடும். ராத்திரி அடைக்கிற கூட்டுக்காவது அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை) போடுங்கள். பணம் குறைவாக இருந்தால் தரையிலிருந்து மூன்றடி வரைக்கும் அதைப் போட்டு, மேலே பழைய வலையை இரட்டையாக மடித்துக் கட்டலாம்.

அடியில் பறிப்பதற்கு ஒரு நல்ல வழி உண்டு. வலையை நேராகக் கீழே புதைப்பதை விட, வேலிக் காலோடு சேர்த்து வெளிப்பக்கமாக ரெண்டடி அகலத்துக்குத் தரையில் விரித்து, மேலே மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள். நரி வேலியை ஒட்டித்தான் பறிக்கும். காலுக்கடியில் கம்பி தட்டுப்பட்டதும் இடம் மாற்றி மாற்றிப் பறிக்குமே தவிர, ரெண்டடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. கூட்டுக்கு மேலேயும் மூடியாக வேண்டும். மரநாய் கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்கும்.

இத்தனையும் செய்துவிட்டுப் பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்துக் கதவைச் சாத்தினால் பயனில்லை. நரிக்கு அந்த மங்கல் வெளிச்சமும் விடியற்காலையும்தான் வேட்டை நேரம். கோழி அடைந்ததும் எண்ணிப் பார்த்து, தாழ்ப்பாளைப் போட்டுவிடுங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து: எங்கள் சிறுவிடைக் கோழிகள் (சின்ன உடம்புள்ள நாட்டு ரகம்) வேப்பமரத்தில்தான் அடையும். பரவாயில்லையா?

நரிக்குப் பரவாயில்லை, அது மரம் ஏறாது. மரநாய் ஏறும். அடைக்கோழியும் குஞ்சும் எப்படியும் தரையில்தான் இருக்கும், அவற்றைப் பஞ்சாரத்தால் (கோழி அடைக்கும் கூடை) கவிழ்த்து மூடி மேலே கனமான கல் வையுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: கோழிக்கறியில் மருந்து வைத்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்கிறார்கள். இல்லையென்றால் பிடித்து வேறு காட்டில் விடலாமா?

மருந்து வேண்டவே வேண்டாம். அந்தக் கறியை நரிதான் தின்னும் என்று யார் சொன்னது? உங்கள் நாய் தின்னும், ஊர்க் குழந்தை கையில் எடுக்கும், செத்த நரியைத் தின்கிற பருந்தும் சாகும். அவுட்டுக்காய் (இரைக்குள் ஒளித்த நாட்டு வெடி) வைப்பதும், வேலியில் நேராகக் கரண்ட் கொடுப்பதும் அப்படித்தான். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயிகளே அந்த வேலியில் செத்திருக்கிறார்கள்.

நரி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற உயிரினம். பிடிப்பதும் குற்றம்தான். சேலம் மாவட்டத்தில் பொங்கல் சமயத்தில் வங்காநரியைப் பிடித்து ஊருக்குள் ஓடவிடும் பழைய வழக்கத்துக்கே வனத்துறை அபராதம் விதித்திருக்கிறது. அதோடு, ஒன்றைப் பிடித்து அப்புறப்படுத்தினால் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். கூட்டில் ஓட்டை இருக்கிறவரை அந்த இடம் காலியாக இருக்காது. நம் கரட்டுக்காடெல்லாம் மனைகளாகி, வங்காநரி வளை தோண்டவே இடம் இல்லாமல் தவிக்கிறது. அதையும் நினைத்துப் பாருங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: நேற்று மத்தியானம் ஒரு நரி வாசலுக்கே வந்தது. ஆளைக் கண்டும் ஓடவில்லை, எங்கள் நாயைக் கடித்துவிட்டது.

இதை உடனே கவனியுங்கள் அக்கா. பகலில் வந்து மனிதரைக் கண்டு அஞ்சாத நரிக்கு வெறிநோய் இருக்கக்கூடும். நாயைத் தனியாகக் கட்டிப்போட்டு, வெறும் கையால் தொடாமல், இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு தடுப்பூசி போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டும். வீட்டில் யாருக்காவது கடியோ கீறலோ பட்டிருந்தால், நாயின் எச்சில் காயத்தில் பட்டிருந்தாலும் சரி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். வனத்துறைக்கும் தகவல் சொல்லுங்கள், அந்த நரி இன்னும் பக்கத்தில்தான் திரியும்.