கராஜுக்குள் காருக்கு இடமில்லை

கேள்வி: நாங்கள் கனடாவில், பிராம்ப்டனில் இருக்கிறோம். மே மாதம் பிறந்துவிட்டால் என் கணவருக்குச் சனிக்கிழமைத் தூக்கம் கிடையாது. காலை 7 மணிக்கே 8 வயது மகளையும் கைக்குழந்தையையும் காரில் ஏற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கராஜ் சேல் (வீட்டு வாசலில் போடும் பழைய சாமான் விற்பனை) தேடிக் கிளம்பிவிடுவார். எல்லாம் 2 டாலர், 5 டாலர் சாமான்தான். ஆனால் எங்கள் கராஜ் நிரம்பி, போன பனிக்காலம் முழுக்கக் கார் வெளியில்தான் நின்றது. பெற்றோர் நீண்ட நாள் தங்கத் தரும் சூப்பர் விசாவில் வந்திருக்கும் மாமியார், "யார் வீட்டுச் சாமானோ, என்ன தோஷமோ" என்று முகம் சுளிக்கிறார். போன வாரம் 5 டாலருக்கு வந்த குழந்தை வாக்கர் ஒன்றுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது! இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்த வாக்கரிலிருந்து குழந்தையைத் தூக்கிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கனடாவில் குழந்தை வாக்கர் விற்பது 2004 ஏப்ரலிலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. கடைக்கு மட்டும் இல்லை, கராஜ் சேலுக்கும் அந்தத் தடை உண்டு. விற்றவருக்கு அது தெரிந்திருக்காது, உங்கள் கணவருக்கும் தெரிந்திருக்காது. "எங்க பிள்ளைங்க எல்லாம் அதுலதானே நடந்துச்சு" என்று மாமியார் கேட்பார். கேட்கட்டும். இங்கே வீட்டுக்கு வீடு பேஸ்மென்ட் படிக்கட்டு இருக்கிறது. சக்கரம் வைத்த வாக்கரில் ஒரு குழந்தை, நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் படி விளிம்புக்குப் போய்விடும். அடுப்பு மேலிருக்கும் சூடான பாத்திரத்துக்கும் அதன் கை எட்டும். வாக்கரைக் கராஜில் ஓரமாகப் போட்டு வைக்காதீர்கள். வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி உடைத்துக் குப்பையில் போடச் சொல்லித்தான் இங்குள்ள சுகாதாரத் துறையே சொல்கிறது. 5 டாலர் போனால் போகட்டும்.

கைக்குழந்தை இருக்கும் வீடு என்பதால் இன்னும் இரண்டு சாமானைச் சொல்லிவிடுகிறேன். காரில் வைக்கும் குழந்தை இருக்கையைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். அதற்குக் காலாவதித் தேதி உண்டு, இருக்கையிலேயே ஒட்டியிருக்கும். தேதி மிச்சம் இருந்தாலும், அது ஏற்கெனவே ஒரு விபத்தில் சிக்கியதா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்தது தொட்டில் கட்டில். பக்கத்துச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் மாதிரியை 2016 டிசம்பரில் இங்கே தடை செய்துவிட்டார்கள். பழைய வீடுகளின் பேஸ்மென்ட்டில் அது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். கராஜ் சேல் அன்றுதான் வெளியே வரும்.

சரி, உங்கள் கணவருக்கு வருவோம். மனிதர் சாமானுக்காகப் போகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிறகு, வெயில் அடிக்கும் ஒரு காலையில் கையில் காபியோடு தெரியாத தெருவில் நடந்து, தெரியாத மனிதரிடம் பேரம் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது. நம் ஆட்களுக்குப் பேரம் பேச இந்த நாட்டில் வேறு எங்கே இடம்? சூப்பர் மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்கு விலை குறைக்கச் சொன்னால் பாதுகாவலரைக் கூப்பிடுவார்கள். ஆகவே, போவதைத் தடுக்காதீர்கள். வாங்குவதற்கு மட்டும் வேலி போடுங்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே என்ன வேண்டும் என்று எழுதிவிடுங்கள். சனிக்கிழமை காலையில், அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு எழுதக் கூடாது. மகளுக்குப் போன வருடத்து ஸ்னோசூட் சின்னதாகிவிட்டதா? எழுதுங்கள். கராஜ் சேலில் உண்மையான லாபம் அதில்தான். பிள்ளைகள் ஒரே பனிக்காலம் போட்டுவிட்டு வளர்ந்துவிடுவார்கள். புதிது மாதிரியே இருக்கும். ஸ்னோ பூட்ஸ், ஸ்கேட்டிங் காலணி, சைக்கிள், கதைப் புத்தகம் எல்லாம் அப்படித்தான். மே மாத வெயிலில் ஸ்னோசூட்டைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. அதனால் விலையும் இறங்கியிருக்கும். ஒரு அளவு பெரிதாகப் பார்த்து வாங்குங்கள்.

துணி எது வாங்கினாலும் வீட்டுக்குள் பரப்புவதற்கு முன் டிரையரில் நல்ல சூட்டில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிவிடுங்கள். மெத்தை, சோபா பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க வேண்டாம். மூட்டைப்பூச்சி ஒரு முறை வீட்டுக்குள் வந்துவிட்டால், அதை ஒழிக்க ஆகும் பணத்தில், அந்த 20 டாலர் சோபாவுக்குப் பதில் புது சோபாவே வாங்கிவிடலாம்.

மின்சாரச் சாமான் என்றால் அங்கேயே பிளக்கில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லோரும் கேட்பதுதான். நான் வெட்கப்பட்டேன். 8 டாலருக்கு ஒரு பிரெட் மெஷின் வாங்கி வந்து, மாவைப் போட்ட பிறகுதான் பார்த்தேன், உள்ளே மாவு பிசையும் துடுப்பே இல்லை. பின்னர் இரண்டு வருடம் அது அரிசி அளக்கும் படியை வைக்கும் மேசையாக இருந்தது.

பேரம் பேசும்போது "இது உடைசல், இதுக்கா இவ்வளவு?" என்கிற நம் ஊர் பாணி இங்கே எடுபடாது. விற்பவர் வியாபாரி இல்லை. அது அவர் அம்மாவின் தேநீர்க் கோப்பையாக இருக்கலாம். நான்கு சாமானைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, "எல்லாம் சேர்த்து 10 டாலருக்குத் தருவீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள். சில்லறை எடுத்துப் போங்கள். மகள் கையில் ஒரு டாலர் காசாக ஐந்து கொடுத்து, அவளே தேர்ந்தெடுத்து, அவளே விலை கேட்கட்டும். முதல் வீட்டிலேயே ஐந்தையும் கரைத்துவிட்டு அடுத்த வீட்டில் ஏங்கி நிற்பாள். மறுபடி காசு கொடுக்காதீர்கள்.

மாமியாரின் தோஷத்தைப் பற்றி. நாம் பழைய துணியைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கியவர்கள். அந்தத் துணி எந்த வீட்டுக்குப் போனது என்று என்றைக்காவது கேட்டோமா? பிறந்த குழந்தைக்கு முதலில் போடுவதும் பழைய துணிதான். அவரே தன் பேத்திக்கு அப்படிச் செய்திருப்பார். இதை வாதமாகச் சொல்லாமல், பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள். அப்புறமும் ஒப்பவில்லை என்றால், பூஜையறைக்கும் சமையலறைக்கும் பழைய சாமான் வராது என்று ஒரு வாக்குக் கொடுத்துவிடுங்கள்.

கராஜில் ஏற்கெனவே குவிந்திருப்பதற்கு, வரும் ஜூனில் ஒரு சனிக்கிழமை உங்கள் வீட்டு வாசலிலேயே மேசை போடுங்கள். நகராட்சி விதியை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். விலைச்சீட்டைக் கணவரே எழுதட்டும். 4 டாலருக்கு அவர் ஆசையாக வாங்கிய விளக்கை யாரோ ஒருவர் புரட்டிப் பார்த்து, "50 சென்ட்?" என்று கேட்கும்போது பக்கத்தில் நின்று சிரித்துவிடாதீர்கள். கல்லாவை மாமியாரிடம் ஒப்படையுங்கள். அவரிடம் யாரும் விலையைக் குறைத்து வாங்கிவிட முடியாது என்று நினைக்கிறேன்.