இலைத்துளை திறக்காததற்குக் காரணம் குழாய் நீர்தான்
இலையிலிருந்து உரித்த தோலைக் குழாய் நீரில் போட்டு, வெளிச்சத்தில் வைத்தும் இலைத்துளைகள் மூடியே இருப்பதாக எழுதியிருந்தீர்கள். வெளிச்சத்தில் குறையில்லை, நீரில் போதிய பொட்டாசியம்தான் இல்லை. ஒளி பட்டதும், துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல் புரோட்டான்களை வெளியேற்றி, பொட்டாசியத்தை உள்ளிழுக்கும். பின்னாலேயே நீரும் நுழையும். செல் புடைத்து வில்லாக வளையும்போதுதான் நடுவே பிளவு விழுகிறது. குழாய் நீரிலுள்ள கால்சியமோ திறப்பதையே தடுக்கும்.

100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 0.37 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து, பிஎச் 6 அளவில் வையுங்கள். வாடாத இலையின் அடிப்பக்கத் தோலை உரித்த உடனே அதில் மிதக்கவிட்டு, 2 முதல் 3 மணி நேரம் நல்ல வெளிச்சம் கொடுங்கள். வாடிய இலை கண்டிப்பாக வேண்டாம். அதில் சேரும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் துளைகளை மூடிவிடும்.