மெட்ராஸ் ஹெரால்டை அதன் காலத்துப் பாகங்களோடு மீட்டெடுப்பது: கேள்வி பதில்

ஸ்டாண்டர்டு ஹெரால்ட் காரைப் பழுதுபார்த்து, அது தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்கே கொண்டுவர விரும்பும் வாசகர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (கரூர்): தாத்தா வாங்கிய 1966ஆம் ஆண்டு ஹெரால்ட் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டுக்கு எல்லாப் பாகங்களும் கிடைக்கின்றன என்கிறார்கள். மொத்தமாக வரவழைத்து மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடும் அல்லவா?

பதில்: வண்டி ஓடும். ஆனால் உங்கள் தாத்தாவின் கார் அங்கே இருக்காது.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் டிரையம்ப் ஹெரால்டை வெளியிட்டது 1959இல். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலாட்டி. நம் நாட்டில் 1961இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், வண்டலூரை ஒட்டிய தன் ஆலையில் அதைச் செய்யத் தொடங்கியது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. ஆண்டுக்கு ஆண்டு உள்நாட்டுப் பாகங்கள் கூடிக்கொண்டே போயின. சென்னையை அடுத்த பாடி என்ற ஊரில், காரின் மின்பாகங்களைச் செய்யும் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கப்பட்டதும் அதே 1961இல்தான். ஆகவே, 1962இல் செய்த வண்டிக்கும் 1966இல் செய்த வண்டிக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் பாகங்களில் வேறுபாடு உண்டு. நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. அதன் கதவுகளை இங்கிலாந்தில் தேடினால் கிடைக்காது.

பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் டைனமோவில் லூகாஸ்-டிவிஎஸ் என்று பொறித்த நல்லதைக் கழற்றி எறிந்துவிட்டு, 'மேட் இன் இங்கிலாந்து' என்று பொறித்ததைத் தேடி மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மெட்ராஸில் செய்த காருக்கு மெட்ராஸில் செய்த டைனமோதான் அசல். அதைப் பிரித்து, புதிய பிரஷ்ஷும் பேரிங்கும் போட்டு, தேவைப்பட்டால் ஆர்மெச்சருக்குக் கம்பி சுற்றச் சொல்லுங்கள். இந்த வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இங்கிலாந்திலிருந்து வாங்க வேண்டியவை கண்ணுக்குத் தெரியாத உள்பாகங்கள்: இன்ஜின் பேரிங், பிஸ்டன் ரிங், கேஸ்கெட், முன்சக்கர ட்ரன்னியன் (இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்), பிரேக் சிலிண்டர் ரப்பர்கள். வெளியே தெரியும் விளக்கு, கிரில், பட்டை, கைப்பிடி, மீட்டர் எதுவாக இருந்தாலும் உங்கள் வண்டியில் இருப்பதையே சீர்செய்ய முயலுங்கள். முடியாவிட்டால் முதலில் சென்னையில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போங்கள். அங்கே கேட்கும்போது வண்டியின் பெயரைச் சொல்வதோடு நிற்காதீர்கள்; பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்று செய்யுங்கள். எதையும் கழற்றாமல் வண்டி முழுவதையும் படமெடுங்கள்: பானெட்டுக்குள் ஒவ்வொரு வயரும் போகும் பாதை, ஒவ்வொரு கிளிப், தகட்டில் உள்ள எண், கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரை. அந்தப் படங்களைவிட நம்பத்தக்க சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

கேள்வி (மதுரை): மோரிஸ் மைனருக்கும் 948 சிசி, ஹெரால்டுக்கும் 948 சிசி. மைனரின் பிஸ்டன் செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இரண்டும் இரு வேறு நிறுவனங்களின் இன்ஜின்கள். மைனரில் இருப்பது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஏ-சீரிஸ். ஹெரால்டில் இருப்பது ஸ்டாண்டர்டின் எஸ்சி இன்ஜின், 63 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 76 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). கொள்ளளவு ஒத்துப்போவது தற்செயல். உங்களுக்குத் துணைவரக்கூடியது ஹெரால்டுக்கு முந்திய ஸ்டாண்டர்டு டென். அதில் இருப்பது இதே 948 சிசி எஸ்சி இன்ஜின். அந்தப் பெயரிலும் தேடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி, ஈரோடு): முன்சக்கரம் திடீரென்று மடிந்து விழுந்துவிடும் என்று ஹெரால்டைப் பற்றிப் பயமுறுத்துகிறார்கள். எங்கள் மெக்கானிக் மாதாமாதம் தவறாமல் கிரீஸ் அடிக்கிறார். அது போதுமா?

பதில்: ஆபத்தே அந்தக் கிரீஸில்தான் இருக்கிறது. சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு மரையிலேயே சுழல்கிறது. அங்கே இட வேண்டியது கிரீஸ் அல்ல, எண்ணெய் என்பது தயாரிப்பாளர்களே கொடுத்த குறிப்பு. கியர் பெட்டிக்கு ஊற்றும் கெட்டியான 90 ரக ஹைப்பாய்டு எண்ணெய் பொருந்தும்.

எண்ணெய் மரை முழுவதும் இறங்கிப் பரவும். கிரீஸ் அப்படிப் பரவாது. நாளடைவில் இறுகி வழியை அடைத்துவிடும். அடைத்த இடத்துக்குக் கீழே மழைநீர் புகும், இரும்பு துருப்பிடிக்கும், மரை தேயும். வெளியே எதுவும் தெரியாது. ஒரு நாள் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போதோ குழியில் இறங்கும்போதோ தண்டு முறிந்து சக்கரம் மடியும்.

ஆகவே, இரண்டு பக்கத்தையும் முழுமையாகப் பிரியுங்கள். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். செங்குத்துத் தண்டில் வெடிப்பு இருக்கிறதா என்று டை பெனட்ரன்ட் சோதனை (வெடிப்பில் சாயம் ஊறிக் காட்டிக்கொடுக்கும் சோதனை) செய்யுங்கள். நல்ல லேத் பட்டறைகளில் செய்து தருவார்கள். சந்தேகம் இருந்தாலே புதிய தண்டு போடுங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் 'பழையதைக் காப்பாற்றுவோம்' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். இடப்பக்க ட்ரன்னியனும் வலப்பக்க ட்ரன்னியனும் வேறு வேறு. மரை எதிரெதிராக இருக்கும். கழற்றியவுடனே சீட்டுக் கட்டி வையுங்கள்.

மாட்டிய பிறகு ஒரு கிரீஸ் கன்னை எண்ணெய்க்கென்றே ஒதுக்கி, அதில் 90 எண்ணெய் நிரப்பி, மேலே கசியும் வரை அடியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கன்னின் மேல் 'எண்ணெய் மட்டும்' என்று பெயின்ட்டால் எழுதி வையுங்கள். பட்டறைப் பையன் நல்லெண்ணத்தோடுதான் அதில் கிரீஸை நிரப்புவான்.

கேள்வி (புதுச்சேரி): வண்டி இப்போது சிவப்பு. ஆர்.சி. புத்தகத்தில் வேறு நிறம் இருக்கிறது. அசல் நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெயின்டர் எட்டாத இடங்களில் பாருங்கள். டேஷ்போர்டுக்குப் பின்புறம், கதவு ரெக்சின் அட்டைக்கு அடியில், டிக்கி விரிப்பின் கீழ், எண் தகட்டைக் கழற்றினால் அதன் அடியில். பிறகு மறைவான ஓரிடத்தில் நுண்ணிய எமரி காகிதத்தால் சாய்வாகத் தேயுங்கள். மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொரு பூச்சும் தனி வட்டமாகத் தெரியும். பிரைமருக்கு மேலே முதலில் வரும் நிறமே பிறந்த நிறம். அந்த இடத்தைச் சுரண்டிவிடாதீர்கள், நிறம் கலக்க அதுதான் உங்களுக்கு மாதிரி.

நிறம் சரியாக இருந்தும் பூச்சு தவறாகிவிடும் வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். இன்றைய கார்களுக்கு அடிப்பது போல மேலே கிளியர் கோட் அடித்தால் கண்ணாடி போட்டது போன்ற ஒரு பளபளப்பு வரும். அந்தக் காலத்து உடலுக்கு அது பொருந்தாது. கிளியர் இல்லாத ஒரே அடுக்குத் திடநிறப் பூச்சைக் கேளுங்கள். கையால் பாலிஷ் போட்டால் போதும்.

கேள்வி (சேலம்): டிங்கரிங் செய்தும் கதவு, பானெட் இடைவெளிகள் சரியாக வரவில்லை. பட்டறையில் புட்டி போட்டு நிரவலாம் என்கிறார்கள்.

பதில்: புட்டி வேண்டாம். ஹெரால்டின் உடல் தனி சேஸிஸ் மீது துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டப்பட்டது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டுக்கு உடல் செய்து கொடுத்துவந்த நிறுவனத்தைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டதால், சிறு பகுதிகளை வெவ்வேறு இடங்களில் செய்து இணைக்கும் முறைக்கு அவர்கள் போனார்கள். நமக்கு அது நன்மையாக முடிந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, தகடு வைத்து, நகர்த்தி இடைவெளியைச் சரிசெய்யலாம். முன்னால் கீல் வைத்து மட்கார்டுகளோடு சேர்ந்து எழும் அந்தப் பெரிய பானெட்டையும் அப்படியே நகர்த்தலாம். எவ்வளவு நகர்த்தியும் சரியாகவில்லை என்றால் குற்றம் உடலில் இல்லை. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருவில் உளுத்துத் தொங்கியிருக்கும். பெயின்ட்டுக்கு முன்பே அங்கே சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): வயரிங் முழுவதும் கருகிவிட்டது. புதிதாகப் போடும்போது டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரும் மாட்டிவிடலாமா?

பதில்: மாலை நேரத்தில் மெதுவாக ஓட்டும் காருக்கு டைனமோ போதும். அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வயரிங்கில் அசல் நிறங்களைக் கடைப்பிடியுங்கள். லூகாஸ் முறையில் பிரவுன் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷன் வழியாக ஃபியூஸ் கடந்தது, நீலம் ஹெட்லைட், சிவப்பு சிறுவிளக்குகள், கறுப்பு எர்த். கடையில் இருக்கும் ஒரே மஞ்சள் வயரை வண்டி முழுக்க இழுத்தால், அடுத்த பழுதின்போது எவராலும் தடம் காண முடியாது.

மிக முக்கியமானது: அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் செய்யப்பட்டிருக்கும். உங்கள் வண்டி எப்படி என்று பார்க்காமல் புதிய பேட்டரியை இணைக்காதீர்கள். பிற்காலத்தில் யாராவது மாற்றியும் இருக்கலாம்.

கேள்வி (சென்னை, தஞ்சாவூர் மற்றும் பலர்): இப்போது விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய இன்ஜினைக் கெடுக்குமா?

பதில்: இன்ஜினைவிட அதற்கு முன்னால் உள்ளவற்றைக் கெடுக்கும். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப்பின் டயாஃப்ரம், கார்பரேட்டர் கேஸ்கெட் ஆகியவை ஊறி உப்பி உதிர்ந்துவிடும். கசிவு சூடான மேனிஃபோல்டில் விழுந்தால் தீ. எத்தனால் தாங்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் தரத்து ஹோஸையும், அதற்கேற்ற டயாஃப்ரத்தையும் போடுங்கள். இதை அசலுக்கு எதிரான மாற்றமாக நான் கருதவில்லை. பிரேக் ஹோஸுக்கும் இதே நியாயம்.

வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் கார்பரேட்டரைக் காலியாக்கிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டாங்க்கின் அடியில் நீர் சேரும். ஓட்டும்போது இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாகி இழுவை குறைந்தால் கலவை மெலிந்துவிட்டது (பெட்ரோல் குறைந்து காற்று கூடிவிட்டது) என்று பொருள்; கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள்.

வால்வு சீட் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. இன்ஜின் ஹெட்டை எப்படியும் கழற்றப்போகிறீர்கள் என்றால், எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் போட்டுவிடுங்கள். அதற்காகவே கழற்ற வேண்டாம்.

கேள்வி (வேலூர்): மாருதி இன்ஜின் வைத்தால் தொல்லை இல்லாமல் ஓட்டலாம் என்கிறார்கள். பிறகு விண்டேஜ் பதிவும் செய்துகொள்ளலாமா?

பதில்: இரண்டும் சேர்ந்து நடக்காது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, அசல் வடிவத்திலேயே பேணப்படும் வண்டிதான் விண்டேஜ். சேஸிஸையோ உடலையோ இன்ஜினையோ மாற்றியமைத்திருந்தால் அந்தத் தகுதி போய்விடும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். புதிதாகப் பதிவு செய்தால் எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 'எம்எஸ்' என்று தொடங்கும் மெட்ராஸ் மாநிலத்து எண் உங்களிடம் இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் விண்டேஜ் பதிவில் வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. தினமும் அலுவலகம் போக வேண்டுமென்றால் அதற்கு வேறு கார் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை மாற்றினால் ஹெரால்டில் எஞ்சுவது தகரம் மட்டும்தான்.

கேள்வி (திண்டுக்கல்): என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு வேன்கார்ட். இன்ஜின் பாகங்கள் எங்கும் இல்லை.

பதில்: டிராக்டர் பாகம் விற்பவர்களிடம் கேளுங்கள். ஸ்டாண்டர்டு நிறுவனம் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செய்த பெர்குசன் டிஇ20 டிராக்டரிலும் வேன்கார்டிலும் இருப்பவை ஒரே குடும்பத்து இன்ஜின்கள். வேன்கார்டுக்கு 85 மி.மீ. போர், 2,088 சிசி. டிராக்டரில் 80 மி.மீ. போர் உள்ளதும் உண்டு, ஆகவே அளந்து பார்த்து வாங்குங்கள். சிலிண்டரின் உட்குழாயைக் கழற்றி மாட்டும் வெட் லைனர் என்பதால், சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர் தேவையில்லை. லைனருக்கு அடியில் வரும் கேஸ்கெட்டை மட்டும் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): நட்டு, போல்ட்டுக்கூட அசலாக இருக்க வேண்டுமா?

பதில்: ஆம். ஹெரால்டில் பெரும்பாலும் யுஎன்எஃப் என்ற அங்குல அளவு மரை. மெட்ரிக் போல்ட்டை வலுவில் திருகினால் மரை போய்விடும். பழையவற்றைக் கழுவி, துத்தநாகப் பூச்சு போட்டு மீண்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி (திருச்சி): என் வண்டி கேசல். ஹெரால்டில் இருந்த பின்பக்க சஸ்பென்ஷனை இதில் பொருத்தினால் இன்னும் அசலாக இருக்குமா?

பதில்: இருக்காது. ஹெரால்டுக்கு அடுத்து 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கேசல், பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் ஹெரால்டின் ஸ்விங் ஆக்சிலை விட்டுவிட்டு, இரண்டையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்சிலோடுதான் பிறந்தது. குண்டும் குழியுமான நம் சாலைகளில் பழைய அமைப்பு மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை, உரிமையாளர்களுக்கும் பிடிக்கவில்லை. அந்த மாற்றம் இங்கே நம் ஆட்கள் செய்தது. கேசலின் பெருமையே அதுதான். அப்படியே வைத்திருங்கள்.

கேள்வி (காரைக்குடி): இருக்கையின் ரெக்சின் வெளிறி, இரண்டு இடத்தில் தையல் விட்டிருக்கிறது. புதிதாகத் தைத்துவிடட்டுமா?

பதில்: விட்ட தையலை மட்டும் அதே துளைகளில் மீண்டும் தைக்கச் சொல்லுங்கள். மிதமான சோப்பு நீரில் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். கிழிந்துபோன பகுதி இருந்தால், இருக்கையின் அடியில் மடித்து அடித்திருக்கும் மிச்சத் துணியிலிருந்து துண்டெடுத்து ஒட்டலாம். அது வெயில் படாத துணி என்பதால் கொஞ்சம் அடர்ந்து தெரியும், பரவாயில்லை. கழற்றிய எதையும், உடைந்த பிளாஸ்டிக் குமிழைக்கூட, பழைய இரும்புக்காரருக்குப் போடாமல் பெட்டியில் வையுங்கள். அச்சு எடுத்துப் புதிதாக வார்க்க நேர்ந்தால் அந்த உடைந்த துண்டுதான் அளவு.