தினமும் டைரி எழுதுகிறேன், மனம் இன்னும் கனக்கிறதே டாக்டர்?

கேள்வி: ‘உன்னை நீ அறி’ என்று ஒரு முகாமில் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து இன்று எங்கே தப்பு செய்தேன் என்று தினமும் இரவில் நோட்டில் எழுதுகிறேன். இரண்டு மாதமாக விடியற்காலை 4 மணிக்கே விழிப்பு, எதிலும் பிடிப்பில்லை. ‘வலித்தால்தான் பலன், அடுத்த நிலைக்கு வாருங்கள்’ என்கிறார் பயிற்சியாளர். சேரலாமா? - வாசகி, ஈரோடு

பதில்: சேராதீர்கள் அம்மா. முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். இப்படி இரண்டு வாரம் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். தைராய்டு, ரத்தசோகையையும் சோதித்துவிடுவார்கள்.

‘மாமியார் பேசியதும் கோபம் வந்தது, மத்தியானம் சாப்பிடவில்லை’ என்று எழுதினால் அது கவனிப்பு. ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்’ என்று எழுதினால் பதிலே வராது. மனம் அதையே அரைத்துக்கொண்டிருக்கும். அப்படி அரைப்பது சோர்வை நீட்டிக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா 1991-லேயே எழுதினார். ஆர்வத்தோடு தன்னை ஆராய்வது வேறு, பயத்தில் தன்னைக் குடைவது வேறு என்று 1999-ல் டிராப்நெல், கேம்ப்பெல் என்ற உளவியலாளர்கள் இருவரும் பிரித்துக் காட்டினார்கள். நீங்கள் எழுதுவது இரண்டாவது வகை. இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள்.

‘வலித்தால்தான் பலன்’ என்பது வியாபாரப் பேச்சு. ‘லைஃப் கோச்’ என்று யார் வேண்டுமானாலும் கார்டு அடித்துக்கொள்ளலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்கும்; கூச்சப்படாமல் கேளுங்கள். மருத்துவர் தந்த மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தச் சொல்கிற முகாமாக இருந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரம் ஆகும். அதற்குள் நிறுத்தவைத்து, நோயை முற்றவைத்து அனுப்புகிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்து, இப்போது தேறியிருப்பவர்களுக்குத் தன்னைக் கவனிப்பதே ஒரு சிகிச்சை. அவர்களுக்கென்றே 8 வாரப் பயிற்சி இருக்கிறது. நோய் மறுபடி வருவதைக் குறைக்கிறது. போன் எடுக்கப் பிடிக்கவில்லை, குளிக்கத் தோன்றவில்லை என்று முதல் அறிகுறியிலேயே உஷாராகிவிடுவார்கள். ஆனால் தேறிய பிறகு, பயிற்சி பெற்றவர் துணையோடு. சோர்வின் நடுவில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

மனநலச் சிகிச்சை எல்லோருக்கும் உரிமை என்று 2017-ல் சட்டமே வந்தது. இன்னும் பல தாலுகா மருத்துவமனைகளில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஓர் உளவியலாளர் கிடையாது. அந்த இடைவெளியில்தான் இந்த முகாம்காரர்கள் கடை போடுகிறார்கள். எத்தனை முறை சொல்வது! மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் கூட்டம் இருக்கும்; ஆனால் செலவில்லை, காத்திருந்து பாருங்கள். அதற்குள் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் தாமதிக்காமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். இரவிலும் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணமில்லை.