பெட்டியின் அடியில் ஏன் செதுக்கினார்கள்?

பழம்பொருள்: வாசகர் கேள்வி பதில்

என் மகள் வெலிங்டனில் இருக்கிறாள் என்று சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நியூசிலாந்துப் பொருள்களைப் பற்றிக் கடிதங்கள் குவிந்துவிட்டன. பர்மா, மலேயா, இலங்கைச் சாமான் இல்லாத வளவு செட்டிநாட்டில் இல்லை. இப்போது பிள்ளைகள் ஆக்லாந்துக்கும் போகிறார்கள். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் கூடையும் செதுக்கு வேலையும் தூண்டிலும் நம் வீடுகளுக்கு வருகின்றன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஐயா பினாங்கில் வட்டிக்கடை வைத்திருந்தபோது, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் வீட்டு ஏலத்தில் எடுத்த மரப்பெட்டி எங்களிடம் இருக்கிறது. படகு வடிவம், ஒரு முழ நீளம், இரு முனைகளிலும் முகங்கள். படம் அனுப்பியிருக்கிறேன். தரையில் படும் அடிப்பாகத்தையும் மேல்மூடிக்குச் சமமாகச் செதுக்கியிருக்கிறார்களே, எதற்கு? விற்றால் என்ன விலை போகும்?
(வாசகர், பள்ளத்தூர்)

தம்பி, அந்தப் பெட்டி தரையில் இருந்ததே இல்லை. உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கீழே பாயில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவது அடிப்பாகம்தான். அதனால்தான் அங்கேயும் அத்தனை வேலை. வாக்கா ஹூயா என்பது இதன் பெயர். ஹூயா என்ற பறவையின் வால் இறகுகளை, கறுப்பில் நுனி மட்டும் வெளுத்த இறகுகளை, தலைவர்கள் தலையில் சூடினார்கள். தலை அவர்களுக்கு மிகப் புனிதமானது. தலையில் சூடியதும் காதில் அணிந்ததும் கண்டவர் கை படும்படி கிடக்கக் கூடாது. ஆகவே பெட்டி, ஆகவே உயரம். அந்தப் பறவை இனமே இன்று இல்லை. 1907க்குப் பிறகு அதைப் பார்த்ததாக உறுதியான பதிவு கிடையாது.

உங்கள் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இணைகோடுகளாக ஓடும் பள்ளங்கள், அவற்றுக்கு நடுவில் வரிசையாக வெட்டிய சிறு பற்கள். பள்ளத்துக்கு ஹாயேஹாயே, பல்லுக்குப் பாகாட்டி என்று பெயர். பழைய வேலையில் இந்தப் பற்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. மரத்தின் ஓட்டத்துக்கு விட்டுக்கொடுத்துக் கை திரும்பியிருக்கும். எங்கள் குடும்பம் ஆசாரிக் குடும்பம். வாசல் நிலைக்கு மேல் வரும் சூரியப்பலகையில் கொடிக்கருக்கு வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இந்த இடத்தில் என் கண் நின்றுவிடுகிறது. நீங்கள் வெளிச்சத்தில் வைத்து இரண்டு இடங்களைப் பாருங்கள். முனைகளில் இருக்கும் முகங்களின் கழுத்தில் கயிறு உராய்ந்த வழுவழுப்பு இருக்கிறதா? பள்ளங்களின் அடியில் செங்காவி ஒட்டியிருக்கிறதா? இரண்டும் இருந்தால் பெட்டி புழக்கத்தில் இருந்தது என்று நம்ப இடமுண்டு. இவை இல்லாமல் அழுக்கு மட்டும் சீராகப் பூசியதுபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள். இங்கிலாந்தில் டார்க்கி நகரத்தில் ஜேம்ஸ் லிட்டில் என்ற பழம்பொருள் வியாபாரி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாவோரிப் பொருள்களைப் போலியாகச் செய்து பெரிய சேகரிப்பாளர்களிடம் விற்றார். எனவே தாத்தா காலத்துப் பொருள் என்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது.

விலையை நான் சொல்லப்போவதில்லை. முதல் காரணம் சட்டம். நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளியூர்த் தரகர் யாராவது வந்து பார்சலில் அனுப்பிவிடலாம் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இரண்டாவது, அந்தப் பெட்டிக்கு ஒரு குலம் இருக்கிறது. செதுக்கின் பாணியைப் பார்த்தே எந்தக் கரைக்காரர்கள் வேலை என்று சொல்லக்கூடியவர்கள் வெலிங்டனில் டே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். அடி, மூடி, முனை என்று தனித்தனியாகப் படம் எடுத்து அவர்களுக்கு எழுதுங்கள். அவர்கள் பதில் வந்த பிறகு, பெட்டியை ஊர் சேர்க்க நினைத்தால் அரசின் தொல்லியல் துறை வழியாகத்தான் போக வேண்டும். தாமதமாகும், ஆனால் அதுதான் வழி. அதற்கு முன் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஆயா இருக்கிறார்கள் அல்லவா? பெட்டியைப் பற்றி ஐயா சொன்னதை எல்லாம் கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழம்பொருள் கடைகள் உள்ள எங்கள் தெருவில் வாரந்தோறும் நிலையும் கதவும் தூணும் லாரியில் வந்து இறங்குகின்றன. எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டால் "சிவகங்கைப் பக்கம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கஜலட்சுமி செதுக்கிய நிலை ஒன்று நட்சத்திர ஓட்டல் வரவேற்பறைக்குப் போய் நிற்கும். அந்த வாசலில் எத்தனை பெண்கள் மணமாகி வந்து நுழைந்தார்கள் என்று சொல்ல ஆள் இருக்காது. என் கடையில் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ஊர், வீட்டு விலாசம், இடித்த ஆண்டு மூன்றையும் குறிப்பேட்டில் எழுதாமல் பணம் எண்ணுவதில்லை.

என் மகன் ஆக்லாந்திலிருந்து பச்சைக்கல் பதக்கம் ஒன்று வாங்கி வந்திருக்கிறான். தலை சாய்த்த சிறு உருவம். "மிகப் பழையது" என்று கடைக்காரர் சொன்னாராம். நம்பலாமா? நான் அணியலாமா?
(வாசகி, தேவகோட்டை)

ஆச்சி, அதன் பெயர் ஹேய் டிக்கி. கல்லின் பெயர் பொவுனாமு. நியூசிலாந்தின் தென்தீவில், பெரும்பாலும் மேற்குக் கரை ஆறுகளில் கிடைக்கும் பச்சைக்கல். 1997இல் அரசு தனிச்சட்டம் போட்டு அங்குள்ள கல்லின் உரிமையை நை தாஹு குலத்தாரிடமே திருப்பிக் கொடுத்தது.

பழமையைப் பார்க்க, கயிறு கோக்கும் துளையைப் பாருங்கள். இரும்பு வருவதற்கு முன் கயிற்றால் சுழற்றும் துரப்பணமும் மணலும் வைத்து இரண்டு பக்கமிருந்தும் குடைந்தார்கள். ஆகையால் துளை இரு வாயிலும் அகன்று நடுவில் ஒடுங்கியிருக்கும். நேராக ஒரே அகலத்தில் போனால் எந்திரத் துளை. தலைமுறை தலைமுறையாகக் கழுத்தில் கிடந்ததென்றால் கயிறு அந்தத் துளையின் மேல்விளிம்பை அரித்திருக்கும். சிலவற்றில் துளை அறுந்துபோய்ப் பக்கத்தில் புதுத்துளை போட்டிருப்பார்கள். உருவத்தின் முதுகையும் தடவிப் பாருங்கள். பழைய டிக்கிகளில் பல, கல் வாய்ச்சியை மறுபடி தேய்த்துச் செய்தவை. இரும்புக் கருவி வந்ததும் கல் வாய்ச்சிக்கு வேலை இல்லாமல் போயிற்று, அருமையான கல்லை வீணாக்க மனமில்லாமல் பதக்கமாக்கினார்கள்.

"மிகப் பழையது" என்ற சொல்லை மட்டும் தள்ளிவிடுங்கள். மெய்யான பழம்பொருளைச் சுற்றுலாக் கடையில் சாதாரணமாக விற்க அங்கே சட்டம் இடம் தராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜெர்மனியில் ஈடர் ஓபர்ஸ்டைன் என்ற ஊரில் இதே உருவத்தைப் பட்டறையில் அறுத்து நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். இன்று சீனா, கனடாவிலிருந்து வரும் பச்சைக்கல்லிலும் செய்கிறார்கள். உங்கள் மகனிடம் நை தாஹு அடையாள எண் உள்ள சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கல் எங்கே எடுத்தது, யார் செதுக்கியது என்பது வரை தெரியும். இல்லாவிட்டாலும் மகன் அன்போடு கொண்டுவந்தது, தாராளமாக அணியுங்கள். குளிக்கும்போது கழற்ற வேண்டியதில்லை, கயிறு மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

நியூசிலாந்தில் தமிழ் மணி கிடைத்தது உண்மையா?
(மாணவர், காரைக்குடி)

உண்மை. டே பாப்பாவில் இருக்கிறது. வெண்கலத்தால் ஆன கப்பல் மணி, விளிம்பு உடைந்தது. வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி 1830களில் வாங்காரே பக்கத்தில் மாவோரிப் பெண்கள் அதைச் சமையல் பாத்திரமாக வைத்திருக்கக் கண்டு, இரும்புப் பானை கொடுத்து வாங்கினார். முகைதீன் பக்ஷின் கப்பல் மணி என்று அதன் எழுத்தைப் படித்திருக்கிறார்கள். அங்கே எப்படிப் போயிற்று என்பதற்கு இன்று வரை சான்று இல்லை. அதைக் கொண்டு நம்மவர்தாம் அந்நாட்டைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுவதை நம்பாதீர்கள். மணியின் பெருமைக்கு அந்தப் பொய் தேவையில்லை.

இணைய ஏலத்தில் மாவோரித் தூண்டில் முள் ஒன்று வருகிறது. எலும்பு முனை, மரத் தண்டு, நார்க்கட்டு. "நூற்றைம்பது ஆண்டுப் பழமை, நியூசிலாந்திலிருந்து நேரடியாக" என்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகர், கண்டனூர்)

வேண்டாம். அவர்கள் சொல்வது பொய்யென்றால் பணம் போகும்; மெய்யென்றால் அது கடத்தல் பொருள். நியூசிலாந்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐம்பது ஆண்டு கடந்த மாவோரிப் பொருள் நாட்டை விட்டு வெளியேற அரசு அனுமதி வேண்டும். மண்ணிலோ மணலிலோ புதிதாக ஒன்று அகப்பட்டால் 28 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். உரிமை யாருக்கென்று முடிவாகும் வரை அது அரசுடைமை. எலும்பு திமிங்கிலத்தினுடையது என்றால் எல்லை தாண்ட அதற்குத் தனி அனுமதியும் வேண்டும்.

இப்படி ஒரு சட்டம் ஏன் தேவை என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. டாரனாக்கியில் மோட்டுநுயி என்ற இடத்தில் சதுப்பு நிலத்துக்குள் எதிரிக்குப் பயந்து புதைத்து வைத்த ஐந்து செதுக்குப் பலகைகள் 1970களின் தொடக்கத்தில் கிடைத்தன. 1973இல் நாட்டை விட்டுக் கடத்திப்போய் விற்றார்கள். 1978இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது நியூசிலாந்து வழக்குப் போட்டு, 1983இல் அன்றைய பிரிட்டனின் உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. 2014இல்தான் பலகைகள் வீடு திரும்பின. நம் பத்தூர் நடராசருக்காக அதே லண்டன் நகரத்து நீதிமன்றத்தில் கோயிலே உரிமை கோரி நின்று வென்று, 1991இல் சிலை திரும்பியதை நினைத்துப் பாருங்கள். நாம் பெற்ற நியாயம் அவர்களுக்கு அவ்வளவு தாமதமாகக் கிடைத்தது. நம்மைப் போன்றவர்கள் அவர்கள் பொருளை ஏலத்தில் எடுப்பது தகாது.

தூண்டில் மேல் உங்களுக்கு ஆசை இருப்பது எனக்குப் புரிகிறது. மாட்டாவு என்று அதற்குப் பெயர். முனை உள்பக்கமாக நன்றாக வளைந்திருக்கும். ஆரம்பத்தில் பார்த்த வெள்ளைக்காரர்கள் இதில் மீன் எப்படி மாட்டும் என்று வியந்தார்கள். மீன் கவ்வித் திரும்பும்போது முள் உருண்டு தாடை மூலையில் ஏறிவிடும். இன்றைய ஆழ்கடல் நெடுந்தூண்டிலிலும் அதே வளைவுதான். பெரிய மர முள்ளுக்கு இளங்கிளையை வளைத்துக் கட்டி, அந்த வடிவிலேயே வளரவிட்டு, பிறகு வெட்டினார்கள். மரத்தின் நார் வளைவோடு ஓடுவதால் முறியாது. காஹாவாய் மீனுக்கான முள் இன்னும் அழகு: மரத்தின் முகத்தில் பாவா சிப்பி பதித்திருக்கும், அது நீரில் மினுங்குவதைச் சிறுமீன் என்று நம்பிப் பெரிய மீன் பாயும். இன்று அதே முறையில் செய்யும் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குங்கள்.

மாவோரிகளின் பச்சை குத்திய தலைகளைப் பழைய சேகரிப்புகளில் பார்த்ததாக நண்பர் சொன்னார். அவையும் விலைக்கு வருமா?
(வாசகர், புதுவயல்)

அவை மனிதர்கள். விலைக்கு வந்தால் வாங்காதீர்கள், வருகிறது என்று தெரிந்தால் டே பாப்பாவுக்குத் தெரிவியுங்கள். 2003 முதல் அவர்கள் உலக அருங்காட்சியகங்களிலிருந்து முன்னோரை ஒவ்வொருவராக அழைத்து வருகிறார்கள்.

மருமகள் கொடுத்த மாவோரிக் கூடையில் ஓலை வெளிறுகிறது. கறுப்பு இழைகள் தொட்டால் உதிர்கின்றன. என்ன செய்வது? நான் பனையோலைக் கொட்டான் பின்னுபவள்.
(வாசகி, கீழச்சீவல்பட்டி)

அம்மா, உங்களுக்குச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஓலை உங்கள் கைப்பழக்கம். அந்தக் கூடையின் பெயர் கெட்டே, செடி ஹாரகெகெ. தாழை மடல்போல நீண்ட இலை. அதை அறுப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு: நடுக்குருத்தையும் அதை அணைத்து நிற்கும் இரண்டு இலைகளையும் தொடமாட்டார்கள். குருத்து குழந்தை, பக்கத்தில் நிற்பவை தாய் தகப்பன். வெளி இலைகளைத்தான், அடியில் சாய்வாக, மழையில்லாத நேரத்தில் அறுப்பார்கள். நீங்கள் பனங்குருத்தோலை எடுத்துப் பழகியவர் என்பதால் இந்த வேறுபாடு உங்களுக்குச் சுவைக்கும். மேலாடைக்கு என்றால் இலையை அப்படியே பின்னுவதில்லை. சிப்பி ஓட்டின் விளிம்பால் பச்சையைச் சுரண்டி, பட்டுப்போன்ற முக்கா நாரை உரித்து, தொடையில் உருட்டி நூலாக்கி, தறி இல்லாமல் விரலாலேயே பின்னுகிறார்கள்.

கறுப்பு உதிர்வது உங்கள் குற்றம் அல்ல. மரப்பட்டைத் துவர்ப்பில் ஊறவைத்து, இரும்புச் சத்துள்ள சேற்றில் தோய்த்து அந்தக் கறுப்பை ஏற்றுகிறார்கள். அந்த இரும்பே நாளடைவில் நாரைத் தின்கிறது. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய மேலாடைகளிலும் இதே தொல்லை. நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். ஆணியில் தொங்கவிடாதீர்கள், உள்ளே வெள்ளைப் பருத்தித் துணியைச் சுருட்டி வைத்து வடிவத்தைத் தாங்கிப்பிடியுங்கள். வெயில் படும் முற்றத்து ஓரம் கூடாது, இரண்டாம் கட்டின் நிழல் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் பூசணம் பிடிக்காமல் காற்றோட்டம் இருக்கட்டும். எண்ணெய், வார்னிஷ் எதுவும் தடவாதீர்கள். பூச்சி கண்டால் பாலித்தீனில் காற்றுப்புகாமல் சுற்றி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல் ஒரு நாள் பொறுங்கள்.

அடுத்த மாதம் நியூசிலாந்து போகிறோம். நம்பி வாங்க இடம் சொல்லுங்கள்.
(வாசகர், கானாடுகாத்தான்)

ரோட்டொருவாவில் டே புயியா என்ற இடத்தில் அரசுச் சட்டத்தின்கீழ் அமைந்த செதுக்குப் பள்ளியும் நெசவுப் பள்ளியும் இருக்கின்றன. மாணவர்கள் வேலை செய்வதை நின்று பார்க்கலாம், அங்கேயே வாங்கலாம். எங்கே வாங்கினாலும் ரசீதில் செய்தவர் பெயரும் அவர் குலத்தின் பெயரும் எழுதி வாங்குங்கள். உருவத்தின் பொருளை அவரிடமே கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எலும்பு என்றால் மாட்டெலும்பா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். திமிங்கில எலும்பையும் பறவை இறகையும் பெட்டியில் வைத்துவிட்டு விமான நிலையத்தில் விழிக்க வேண்டாம். போகும்போது கொட்டான் அன்பளிப்பாக எடுத்துப்போவீர்கள் என்றால் விதை, மண் ஒட்டாமல் துடைத்து, அந்நாட்டுக்குள் நுழைய நிரப்பும் பயணி அறிவிப்புப் படிவத்தில் மறக்காமல் எழுதிக் காட்டுங்கள். அங்கே தாவரப் பொருளுக்குச் சோதனை கடுமை.