லென்ஸைத் திருப்பிக் கொடுக்கலாமா?

வணக்கம் ஐயா,

நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். இரவு வானம் எடுக்கவென்று காசு சேர்த்து 14 மில்லிமீற்றர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கினேன். நிலாவெளிக் கரையில் கடலைப் பார்த்து வைத்துச் சோதித்தேன். நடுவில் நட்சத்திரங்கள் ஓரளவு புள்ளியாக இருக்கின்றன. மூலைகளில் சிறகு விரித்த பறவை மாதிரி இழுபடுகின்றன. 500 விதிப்படி 35 செக்கன்தான் கொடுத்தேன். லென்ஸ் பழுதா, திருப்பிக் கொடுக்கலாமா? மலைநாட்டுக்குப் போனால்தான் நல்ல வானம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கோணேசர் கோயிலுக்கு மேல் பால்வீதி நிற்கிற மாதிரி இரண்டு படங்களை ஒட்டினால் தப்பா? உங்கள் காலத்தில் ஊரே இருட்டாக இருந்திருக்கும். நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

லென்ஸை இன்னும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டையும் தொலைத்துவிடாதீர்கள்.

மலைநாட்டுக் கதையை விடுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை அங்கே முகில் மூடிக் கிடக்கும். இங்கே தென்மேற்குக் கச்சான் காற்று வீசி வானம் காய்ந்திருக்கும். பால்வீதியின் மையம் முன்னிரவிலேயே தெரிகிற மாதங்களும் அவைதான். உங்கள் நண்பர்கள் டிசம்பரில் சுற்றுலா போனவர்களாக இருக்க வேண்டும்.

என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தது அந்த 35 செக்கன். கொஞ்ச நாளாக இதே எரிச்சலில்தான் இருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பூமியின் நடுக்கோட்டுக்கு ஐம்பது பாகை வடக்கே இருக்கிறவன் யூடியூபில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, எட்டரைப் பாகையில் நின்று படம் எடுக்கிறார்கள்.

500 விதி என்ன சொல்கிறது? 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருகிற செக்கன் வரைக்கும் நட்சத்திரம் இழுபடாது என்கிறது. பிலிம் காலத்துக்கு அது போதும். உங்கள் கமரா 24 மெகாபிக்சல் முழுச்சட்டகம், அதாவது பழைய பிலிம் அளவு உணரி உள்ளது, என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல் 6 மைக்ரோன். வான நடுக்கோட்டில், அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போகிற கற்பனைக் கோட்டில், இருக்கும் நட்சத்திரம் 35 செக்கனில் படத்தின் நடுவிலேயே ஏறக்குறைய ஆறு பிக்சல் நகர்ந்துவிடும். இவ்வளவு அகலமான லென்ஸ் ஓரங்களை இழுத்து விரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்களை ஓரத்தில் நிறுத்தி எடுத்தால் முகம் நீளுமே. நட்சத்திரத்தின் ஓட்டத்தையும் அது அப்படித்தான் விரிக்கும். நகரும் திசை மோசமாக அமைந்தால் மூலையில் இருபது பிக்சல் வரை போகும். உங்கள் பறவையின் பாதி உடம்பு இதுதான்.

இனி அந்த வான நடுக்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். துருவ நட்சத்திரம் எங்களுக்கு வடக்கே எட்டரைப் பாகை உயரத்தில் நிற்கிறது. கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அதற்குள் மறைந்துவிடும். பெரும்பாலும் தென்னைக்குப் பின்னால், இல்லையென்றால் கடல் மூட்டத்துக்குள். நட்சத்திரங்கள் மெதுவாக நகர்கிற பகுதி அதைச் சுற்றித்தான் இருக்கிறது. ஐரோப்பாக்காரனுக்கு அந்தப் பகுதி பாதி வானத்துக்கு ஏறி நிற்கும். அவன் வடக்கே பார்த்து அரை நிமிடம் திறந்து வைத்தாலும் பெரிதாகத் தெரியாது. எங்களுக்கோ வான நடுக்கோடு உச்சிக்குக் கொஞ்சம் தெற்காலே போகிறது. நேர் கிழக்கில் கிட்டத்தட்டச் செங்குத்தாக எழும்புகிறது. நிலாவெளியில் கடலைப் பார்த்து முக்காலியை வைத்தால் கமரா எங்கே பார்க்கும்? கிழக்கே. ஆக வானத்திலேயே மிக வேகமாக ஓடுகிற நட்சத்திரங்களைச் சட்டகத்தின் நடுவில் பிடித்து வைத்துக்கொண்டு, மெதுவாக ஓடுகிறவற்றுக்கான கணக்கைப் போட்டிருக்கிறீர்கள். பிறகு லென்ஸ் பழுது என்கிறீர்கள்.

ஐந்து செக்கனில் எடுங்கள். படம் இருட்டாக வரட்டும், கமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, கூட்டினால் போதும், இது சோதனைதானே. குவியத்தை முடிவிலிக் குறியை நம்பி வைக்காமல், திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெருப்பித்துக் கையால் சரிசெய்யுங்கள். நட்சத்திரம் சுருங்கிப் புள்ளியானால் குற்றம் உங்கள் செக்கனில். சிறகு அப்படியே இருந்தால் அது கோமா: சாய்ந்து வருகிற ஒளி லென்ஸின் விளிம்பு வழியாகப் போய் வேறிடத்தில் விழுவது. லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8க்குச் சுருக்குங்கள், விளிம்பு மறைபடும், சிறகும் ஒடுங்கும். முழுக்கத் திறந்த அகல லென்ஸ் பெரும்பாலானவற்றில் இது கொஞ்சமாவது உண்டு. இரவுப் படத்துக்கென்றே கோமாவைக் குறைத்து நிக்கோன் 1977இல் நொக்ட் என்று ஒரு லென்ஸ் வெளியிட்டது. அதுகூட 58 மில்லிமீற்றர், அகல லென்ஸ் இல்லை. ஆனால் நான்கு மூலையில் ஒன்று மட்டும் மற்ற மூன்றையும்விடக் கெட்டிருந்தால், உள்ளே கண்ணாடி ஒன்று மையம் விலகியிருக்கிறது. அப்போது யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கொடுத்து வைத்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயதுக்காக மன்னிக்கிறேன். இன்னொரு தரம் யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள். முற்றத்துக்குப் போக ரோச் லைற் அடிக்கப் பயந்த போர்க்கால இருட்டு அது. வானம் பார்க்கவென்று யாரும் விளக்கை அணைக்கவில்லை. துறைமுகப் பக்கம் கமராவை நீட்டியிருந்தால் படத்தோடு அல்ல, விசாரணையோடுதான் வீடு வந்திருப்போம், வந்திருந்தால்.

என் பெரியப்பா கடலுக்குப் போகிறவர். இரவில் போகத் தடை இருந்த வருசங்களில் வள்ளம் கரையில் காய்ந்து பலகை வெடித்துக் கிடந்தது. மனிசனுக்கு நித்திரை வராது. சித்திரை, வைகாசி இரவுகளில் கிணற்றடியில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருப்பார். நான் போய்ப் பக்கத்தில் நிற்பேன். சிலுவை நட்சத்திரங்கள் நாலும் நேராக நிமிர்ந்து நின்றால் அதுதான் சரியான தெற்கு என்பார். சரிந்து கிடந்தால் இன்னும் எவ்வளவு நேரத்தில் நிமிரும் என்பதையும் சொல்வார். வள்ளம் போகாத நாளிலும் எதற்கு இது என்று ஒருமுறை கேட்டேன். "போய்ப் படு" என்றார். பெரியம்மா உள்ளேயிருந்து இருவரையும் சேர்த்துப் பேசினார், மெல்லிய குரலில், வெளியே கேட்டுவிடக் கூடாதென்று.

அந்த மனிசனுக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்ததாலோ என்னவோ, ஒட்டுப் படம் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அண்மையில் ஒருவர் நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாமலைத் தீவை எடுத்து, அதற்கு வடக்கே பால்வீதியின் மையத்தை நட்டு வைத்திருந்தார். ஆயிரம் பேர் அருமை என்கிறார்கள். அந்த மையம் எங்கள் வானத்தில் கிழக்குக்குத் தெற்கே எழும்பி, தெற்கில் 52 பாகை வரை ஏறி, மேற்குக்குத் தெற்கே இறங்கும். வடக்குப் பக்கம் வரவே வராது.

நீங்கள் ஒட்ட வேண்டிய தேவையும் இல்லை, அதுதான் வேடிக்கை. உங்கள் வீட்டுக் கரையில் நின்று பார்த்தால் கோணேசர் மலை ஏறக்குறையத் தென்கிழக்கு. யூன் நடுவில் இரவு ஒன்பதரை வாக்கில் பால்வீதியின் மையம் அதே பக்கமாக, முப்பது பாகைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். பதினான்கு மில்லிமீற்றரில் மலையும் அதுவும் ஒன்றாக அடங்கும். கோயில் விளக்கும் ரவுண் வெளிச்சமும் கீழ்ப்பகுதியை வெளிறடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். யூன் மாத அமாவாசையை ஒட்டிப் போங்கள், பத்துச் செக்கனுக்கு மேல் கொடுக்காதீர்கள், மூலைகளை வெட்டாமல் எனக்கு அனுப்புங்கள்.